பதினொரு நாள் 71.3 கிலோ

அப்பாவின் நோட்டைப் பார்த்த நர்ஸ் லேசாகச் சிரித்துவிட்டு டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டில் கோடு போட்டு, தேதி எழுதி, வரிசையாகப் பதினொரு நாளைக்கு 71.3 என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் 71.9. அதற்கப்புறம் ஆறு நாள் அதே 71.9. "ஐயா, தினமும் ஏறி நின்னு பாத்து எழுதினீங்களா, இல்ல இன்னைக்குக் காலைல உக்காந்து மொத்தமா எழுதிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. முப்பத்தாறு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த மனுஷன் அவர், பால் கணக்கில் எட்டணா இடித்தாலே அன்றைக்குத் தூங்க மாட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம், இரண்டு வருஷத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தோம், உப்பும் தண்ணீரும் அளவாக வேண்டும், நீர் பிரிய மாத்திரை உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் கால் வீங்குவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். அதனால் தினமும் காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, காபிக்கு முன், அதே மாதிரி வேட்டியோடு எடை பார்த்து எழுதச் சொல்வார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே போன் செய்ய வேண்டும். மூன்று நாளில் யாருக்கும் இரண்டு கிலோ கொழுப்பு ஏறாது, ஏறினால் அது தண்ணீர்தான். ஆக எங்களுக்கு அப்பாவின் எடை 71-ஆ 73-ஆ என்பது அவ்வளவு முக்கியமில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒரு கிலோ தப்பாகக் காட்டினாலும் தினமும் அதே ஒரு கிலோ தப்பாகக் காட்டும் மிஷின் போதும். கடையில் கிடைக்காதது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, நோட்டில் தப்பில்லை என்றால் மிஷினில்தான் தப்பு. 899 ரூபாய்க்கு வாங்கிய கண்ணாடி மிஷின், பெட்டியில் '50 கிராம் துல்லியம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அன்று இரவே ஒரு சோதனை செய்து பார்த்தேன், இதை நீங்களும் உங்கள் வீட்டு மிஷினில் செய்து பார்க்கலாம், செலவில்லாத வேலை. நான் ஏறினேன், 78.2. இறங்கி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். 78.2. அரை கிலோ தண்ணீர் எங்கே போச்சு? ஒரு லிட்டர் பாட்டிலோடு ஏறினேன், 79.2. இப்போது அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அந்த அரை லிட்டர் பாட்டிலோடு ஏறினால் 79.2. அதே நான், அதே பாட்டில், ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒரு கிலோ வித்தியாசம்.

அப்புறம் என் பையனை ஏற்றினேன், 31.4. அவன் இறங்கியதும் நான் அரை லிட்டர் பாட்டிலோடு ஏறினேன். 78.7 என்று உண்மையைச் சொன்னது.

அதாவது மிஷினுக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. கடைசியாகக் காட்டிய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, புது எடை அதற்கு அரை கிலோ பக்கத்தில் இருந்தால் அளந்ததை விட்டுவிட்டு பழையதையே காட்டுகிறது. இடையில் வேறு யாராவது ஏறினால் ஞாபகம் கலைந்துவிடுகிறது. அப்பா மட்டும் காலையில் ஏறும் மிஷின் என்பதால் அது பதினொரு நாளும் முதல் நாளின் பல்லவியையே பாடியிருக்கிறது. மலிவு மிஷின்கள் பலவற்றில் இந்தத் தந்திரம் உண்டு. ஏன் வைக்கிறார்கள் என்று யோசித்தால் கோபம் நம் மேலேயே திரும்புகிறது. மிஷின் வாங்கினவுடன் நாம் எல்லோரும் செய்யும் ஒரே சோதனை, இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்ப்பது. 78.2, அடுத்து 78.4 என்றால் "சரியில்லை" என்று திருப்பி அனுப்புவோம். இரண்டு தடவையும் 78.2 என்றால் "சூப்பர், கரெக்டா காட்டுது" என்று ஐந்து நட்சத்திரம். நேர்மையான மிஷின் திரும்பிப் போகும், பொய் சொல்கிற மிஷின் விற்கும். எங்கள் விஷயத்தில் இது வெறும் எரிச்சல் இல்லை, டாக்டர் எந்த வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னாரோ அதையேதான் மறைத்துவிடுகிறது.

அடுத்த மூன்று வாரம் கடை கடையாக அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைனில் இரண்டாவதாக வாங்கியது 'ஸ்மார்ட்'. எடையைக் காட்டுவதற்கு முன் செயலியை இறக்கு என்றது, செயலி என் பிறந்த தேதி, உயரம், போன் இருக்கும் இடம் எல்லாம் கேட்டது. கொடுத்துத் தொலைத்தேன். ராத்திரி அந்தப் பொடி எழுத்துக் கையேட்டைப் படிக்கும்போதுதான் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற வரி கண்ணில் பட்டது. கொழுப்பு எவ்வளவு என்று கணக்கிட அது பாதம் வழியாக உடம்புக்குள் மெல்லிய மின்சாரம் அனுப்புகிறது, அதனால். விற்கிற பக்கத்தில் இது ஒரு வார்த்தை கிடையாது. மறுநாளே திருப்பி அனுப்பினேன். இப்போது ஆன்லைனில் தேடினால் மேலே வருவதில் பாதிக்கு மேல் இந்த வகைதான், எடையை மட்டும் காட்டும் மிஷினைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

விமர்சனங்களைப் படித்து வாங்கலாமென்றால், எழுதுகிறவர்கள் எல்லாம் பார்சல் வந்த அன்றைக்கே எழுதிவிடுகிறார்கள். பேக்கிங் நன்றாக இருந்தது, டெலிவரி பையன் மரியாதையாகப் பேசினான். ஒரு மாதம் கழித்து என்ன ஆச்சு என்று சொல்ல ஆளில்லை. 'துல்லியம்' என்ற வார்த்தையை வேறு போட்டுக் குழப்புகிறார்கள். 50 கிராம் என்று போட்டிருப்பது திரையில் எண் எத்தனை கிராம் படியாக மாறும் என்பது மட்டும்தான். அளப்பது சரியா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நிமிஷ முள் இல்லாத கடிகாரத்துக்கு நொடி முள் மட்டும் மாட்டியது போல.

நேரில் போனால் வேறு கதை. ஒரு கடையில் மிஷினை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஏறச் சொன்னார்கள். அட்டை அமுங்கினால் காலுக்குக் கால் பாரம் மாறும், மெத்தென்ற தரையில் எந்த மிஷினும் சரியாகக் காட்டாது. தரையில் வையுங்கள் என்றேன், "அழுக்காயிடும் சார்" என்றார் பையன். தரையில் வைத்ததும் முதல் தடவை 79.6, அடுத்து 78.1. நான் பார்த்த பார்வைக்கு அவர் சொன்ன பதில், "மிஷின் கரெக்ட் சார், நீங்கதான் மாத்தி மாத்தி நிக்கிறீங்க." பாதி உண்மை அதில் இருந்தது. பல மிஷின்களை நகர்த்தி வைத்தால் முதலில் காலால் ஒரு தட்டுத் தட்டி, பூஜ்யம் வந்து அணைந்த பிறகுதான் ஏற வேண்டும், நகர்த்திய கையோடு ஏறினால் பழைய பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போடும். சுவரில் சாய்த்து வைத்து எடுத்துப் போடுகிறவர்களுக்குத் தினமும் இதே தொல்லைதான்.

சர்ஜிகல் கடையில் முள் வைத்த ஸ்பிரிங் மிஷின் ஒன்று இருந்தது. அதற்கு ஞாபகமும் கிடையாது, பொய்யும் கிடையாது, பின்னால் ஒரு திருகு, அதைச் சுற்றிப் பூஜ்யத்தில் வைத்தால் தீர்ந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு கிலோவுக்கு ஒரு கோடு, குனிந்து பார்த்தால் ஒரு எண், நிமிர்ந்து பார்த்தால் ஒரு எண், எழுபத்துநாலு வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து அரைக் கோட்டைப் பார் என்றால் எப்படி? அப்பா மட்டும் அதைப் பார்த்து, ரயில்வே ஸ்டேஷனில் கலர் கலராக விளக்கு சுற்றும் எடை மிஷின் பற்றி ஆரம்பித்துவிட்டார். காசு போட்டால் கெட்டி அட்டையில் எடை அச்சாகி வரும், பின்பக்கம் ஒரு நடிகர் படமோ ஜோசியமோ இருக்கும். "அது சொன்ன ஜோசியம் பலிச்சுதோ இல்லையோ, எடை பலிச்சுது" என்றார்.

கடைசியில் நான் எடுத்த முடிவு, இனி வாங்குவதில்லை. அந்த 899 ரூபாய் மிஷினின் நாலு காலும் நல்ல கால்தான், மூளைதான் பொய் சொல்கிறது. மூளையை மட்டும் மாற்றிவிடலாம்.

பிரிப்பதற்கு முன் நாலு மூலையையும் சோதித்தேன். இருபது லிட்டர் வாட்டர் கேனை ஒவ்வொரு மூலைக்குப் பக்கத்திலும் வைத்து, ஒவ்வொரு தடவையும் இடையில் பையனை ஏற்றி ஞாபகத்தைக் கலைத்து (ஒரு தடவைக்கு ஒரு ரூபாய் என்று பேரம் பேசிவிட்டான்) எழுதிக்கொண்டேன். 20.9, 20.8, 20.9, 20.1. நாலாவது மூலை நொண்டி. மூலைக்கு மூலை இப்படி மாறினால், நிற்கும் இடம் கொஞ்சம் தள்ளினாலே எடை மாறும், ஞாபகத் தந்திரம் மறைத்தது இதையும் சேர்த்துத்தான்.

கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே லோடு செல் இருக்கிறது. ஆங்கில ஈ எழுத்து போல வெட்டிய ஒரு ஸ்டீல் தகடு, நடுநாக்கின் மேல் வெள்ளைப் பசை ஒரு பொட்டு, பொட்டிலிருந்து சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று முடி போல மெல்லிய மூன்று ஒயர். ஏறி நின்றால் நாக்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, பசைக்கு அடியில் ஒட்டிய மெல்லிய கம்பிப் படலம் இழுபடுகிறது, அதன் மின்தடை துளி மாறுகிறது. எடை மிஷின் என்பது இவ்வளவுதான். மல்டிமீட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சுமார் 2,000 ஓம், சிவப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஆளுக்கு 1,000. நாலாவது செல்லில் ஒயர் அறுந்திருக்கும் என்று நினைத்து அளந்தேன், அதுவும் சொக்கமாக 2,000 காட்டியது. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் கையால் அழுத்திப் பார்க்கத் தோன்றியது. மற்ற மூன்று காலும் அழுத்தினால் மெத்தென்று போய்த் திரும்பின, இது ஒரு பக்கமாகச் சாய்ந்து பிளாஸ்டிக் விளிம்பில் உரசி நின்றது. ரப்பர் பாதத்தின் ஒட்டு நாடா இளகி நகர்ந்திருக்கிறது, பாரத்தில் கொஞ்சம் செல்லுக்குப் போகாமல் விளிம்பு வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. பழைய பசையைச் சுரண்டி, புது நாடா ஒட்டி, நடுவில் உட்கார வைத்தேன். ஒரு சின்ன எறும்புப் படையும் உள்ளே குடித்தனம் இருந்தது, அவர்களை ஊதி அனுப்பினேன்.

சென்னை ரிச்சி தெருவில் எச்எக்ஸ்711 என்ற சின்னப் பலகை, நாமே புரோகிராம் எழுதிப் போடக்கூடிய ஆர்டுவினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, இரண்டு வரி திரை, மூன்றும் சேர்த்து 650 ரூபாய் ஆனது. எச்எக்ஸ்711 எடை மிஷினுக்கென்றே வந்த 24 பிட் மாற்றி, துளி மின்னழுத்த வித்தியாசத்தை எண்ணாக்கித் தரும்.

ஒயர் சேர்ப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், நானும் விட்டேன். மின்தடையின் துளி மாற்றத்தை மின்னழுத்த வித்தியாசமாக்கும் இணைப்புக்குப் பாலம் என்று பெயர். ஒவ்வொரு செல்லும் பாதிப் பாலம், நாலையும் வளையமாகச் சேர்த்தால் ஒரு முழுப் பாலம். மூலைகளுக்கு வரிசையாக 1, 2, 3, 4 என்று காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். 1-இன் வெள்ளை 2-இன் வெள்ளையோடு, 2-இன் கறுப்பு 3-இன் கறுப்போடு, 3-இன் வெள்ளை 4-இன் வெள்ளையோடு, 4-இன் கறுப்பு 1-இன் கறுப்போடு. மிச்சம் நாலு சிவப்பு. எதிரெதிர் மூலையான 1, 3 இரண்டும் மின்சாரம் போகும் இடத்துக்கு, 2, 4 இரண்டும் அளக்கும் இடத்துக்கு. எல்லா மிஷினிலும் நடு ஒயர் சிவப்பாக இருக்காது, அதனால் நிறத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்துவிடுங்கள், எந்த இரண்டுக்கு நடுவே 2,000 வருகிறதோ அவை ஓரம், மிச்சம் உள்ளது நடு. நான் மூன்றாவது மூலையின் வெள்ளையையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டு, எண்கள் ஓடுவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து ஒவ்வொரு மூலையாகக் கையால் அழுத்தினால் மூன்று மூலைக்கு எண் ஏறுகிறது, ஒன்றுக்கு மட்டும் இறங்குகிறது. மறுபடி சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி மாற்றிப் போட்டேன். அழுத்திப் பார்க்காமல் கண்ணாடியை மூடிவிடாதீர்கள்.

அடுத்தது கிலோ எது என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது. தெரிந்த எடை ஒன்று வேண்டும். வாட்டர் கேன் ஆகாது, நிரப்பும் அளவு தினம் மாறும். தெருமுனை அண்ணாச்சி கடையில் இப்போது எலக்ட்ரானிக் தராசுதான், ஆனால் பழைய இரும்பு எடைக்கற்கள் பருப்பு மூட்டைக்கு அடியில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து கிலோ கல் நாலு, இரண்டு நாளைக்குக் கடன் கேட்டேன். "என்ன தம்பி, கல்லத் தூக்கி எக்சர்சைஸா?" என்றார், விஷயத்தைச் சொன்னதும் ஒரு கல்லைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தில் முத்திரை. கடைக்கல்லில் எடை குறைந்தால் அந்த ஈயத்தில்தான் சரிக்கட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம். "உங்க மிஷினுக்கு எவன் முத்திரை போடுறான்?" என்று கேட்டார் அண்ணாச்சி. யாரும் போடுவதில்லை, வியாபாரத்துக்கு இல்லாத தராசுக்கு அது தேவையில்லை, நாம் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கும் இடமும் அதுதான்.

வீட்டில் மணையைக் கண்ணாடி மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, கல் நாலையும் அடுக்கி, 20.00 வரும்படி எண்ணைத் திருத்தினேன். கண்ணாடி மேல் இரும்பை நேராக வைக்காதீர்கள். இருபது கிலோவில் திருத்தியது எழுபதிலும் சரியாக இருக்குமா என்று பார்க்க, அன்று காலை வந்த சீல் பிரிக்காத கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்தேன். காலி எடை சிலிண்டரிலேயே போட்டிருக்கும், இதில் 15.9, உள்ளே கேஸ் 14.2, மொத்தம் 30.1. கல்லோடு சேர்த்து 50.1 வர வேண்டும், 50.05 வந்தது. சிலிண்டரில் நூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அதனால் இதற்கு மேல் நோண்டவில்லை. அரிசி மூட்டையையும் ஏற்றினேன். 2022-இல் 25 கிலோ வரைக்குமான பைகளுக்கு வரி வந்த பிறகு மூட்டை 26 கிலோ ஆகிவிட்டதே, அது. சாக்கோடு 26.1. மில்காரர் ஏமாற்றவில்லை.

புரோகிராம் சின்னதுதான். ஆன் செய்ததும் பூஜ்யம், ஏறியதும் நொடிக்குப் பத்து தடவை அளக்கும், எண் ஆடாமல் நின்றதும் பத்து அளவின் சராசரியைக் காட்டும். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, அந்த வரியை எழுதாமல் விட்டதுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி. பவர் பேங்கில் ஓட்டலாம் என்று பார்த்தேன், இது இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால் பவர் பேங்க் சும்மா இருப்பதாக நினைத்து ஒரு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பழைய போன் சார்ஜர் போதும்.

வைக்கும் இடம் ஹால். பாத்ரூம் மிஷின் என்று பெயரே தவிர நம் பாத்ரூமில் இதை வைக்க முடியாது, தரை எப்போதும் ஈரம், போதாக்குறைக்குத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள், சாய்ந்த தரையில் எடை குறைத்துத்தான் காட்டும். ஹாலில் நாலு காலும் ஒரே டைலுக்குள் வருகிற மாதிரி வைத்து, கால் இருக்கும் இடத்தில் மனைவியின் நகப்பூச்சை எடுத்து நாலு பொட்டு வைத்தேன். கேட்காமல் எடுத்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் காலை அப்பா ஏறினார், 71.65. இறங்கி மறுபடி ஏறினார், 71.70. திரும்பி என்னைப் பார்த்து, "ஏம்பா, இது சரியில்லையே, மாத்தி மாத்திக் காட்டுதே" என்றார். பாட்டில் சோதனையை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். அரை லிட்டரோடு 72.20. பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நோட்டில் பழைய பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'மிஷின் பிழை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அடுத்த தடவை டாக்டரிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டப்போகிறாராம்.

ஐந்து வாரம் ஆகிறது. நோட்டில் எண்கள் 71.2-க்கும் 72.0-க்கும் நடுவே ஏறி இறங்குகின்றன, ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் மட்டும் 72.6, அன்றைக்கு ஊறுகாயை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. ஆஸ்பத்திரி மிஷினோடு ஒரே நாளில் ஒப்பிட்டதில் எங்களுடையது 150 கிராம் குறைவு. ஆன் செய்து இரண்டு நிமிஷம் விடாமல் உடனே ஏறினால் பூஜ்யம் கொஞ்சம் நகர்கிறது, செல் சூடாகும் வரை பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பா பேப்பரில் தலைப்புச் செய்தி படித்துவிடுகிறார். நாலாவது கால் மழைக்காலத்தில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும், வாரம் ஒரு தடவை மூலைச் சோதனை நடக்கிறது, பையனை ஏற்ற வேண்டியதில்லை என்பதால் அவனுக்கு வருமானம் நின்றுவிட்டது. நானோவும் ஒயர்களும் இன்னும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்தான் இருக்கின்றன, ஒரு நல்ல பெட்டி செய்ய வேண்டும். அதற்கு முன் அண்ணாச்சிக்குக் கல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டு நாள் என்று வாங்கி வந்தது.